நடுவே எட்டு நாள்

2021 செப்டம்பர் 19 முதல் நவம்பர் 14 வரை 57 நாட்கள். அந்த 57 நாட்களில் ஐக்கிய அரபு அமீரகத்தின் மூன்றே மைதானங்களில் 70 கிரிக்கெட் ஆட்டங்கள் நடந்தன. ஐ.பி.எல். போட்டியின் மிச்சம் 31, டி20 உலகக் கோப்பையில் 39. இரண்டும் இந்தியாவில் நடக்க வேண்டியவை. கொரோனா இரண்டாம் அலைதான் அவற்றைத் துபாய்க்கும் அபுதாபிக்கும் சார்ஜாவுக்கும் அனுப்பியது. துபாய் மைதானத்தில் ஆடுகளம் பராமரிக்கும் குழுவில் அப்போது நான் இருந்தேன்.

ஒரு பெரிய போட்டியை நாடு மாற்றினார்கள் என்றால் விமானம், ஓட்டல், விசா, பரிசோதனை, ஒளிபரப்பு என்றுதான் எல்லோரும் பேசுவார்கள். அவை பெரிய வேலைகள்தான். அந்த ஆட்கள் தூங்காமல் உழைத்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவை எல்லாவற்றுக்கும் கூடுதல் ஆளும் பணமும் போட்டால் வேகம் கூடும். பிட்சுக்கு அப்படிக் கூடாது. 22 கெஜ நீளம், பத்தடி அகலம் உள்ள அந்தக் களிமண் துண்டு தண்ணீர் குடித்து, இறுகி, காய்ந்து, வேர் பிடித்து ஆட்டத்துக்குத் தயாராகப் பத்துப் பன்னிரண்டு நாளாகும். ஆடி முடித்த பிட்ச் மறுபடி உயிர்பெற அதைவிட அதிக நாள் வேண்டும். மாற்றப்பட்ட போட்டியின் உண்மையான அளவுகோல் அந்த நாட்கள்தான் என்பதை அந்த ஆண்டு நான் கண்ணால் பார்த்தேன்.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். சேப்பாக்கத்தில் ரோலர் தள்ளித்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். கடற்காற்றையும் களிமண்ணையும் அங்கே கற்றுக்கொண்டவனுக்குத் துபாய் வேறொரு பள்ளிக்கூடம். பாலைவன மணலில் பிட்ச் போட முடியாது, களிமண் வெளியிலிருந்து வர வேண்டும். மழை கிடையாது, பாய்ச்சுகிற நீர்தான் எல்லாம். அந்த நீரில் உப்பு இருந்தால் அது மேலே பூத்து வேரைச் சுடும். பகலில் நீங்கள் கவனிக்காத இரண்டு மணி நேரத்தில் பிட்சின் மேல்தோல் காய்ந்து சுருங்கிவிடும், அடியில் மட்டும் ஈரம் நிற்கும். மேலே இறுகி அடியில் நெகிழ்ந்த பிட்சில் பந்து ஒரு தடவை எழும்பும், அடுத்த தடவை குனியும். அதனால் சாக்குத்துணி போட்டு மூடி, மெதுவாக, ஒரே சீராகக் காயவைக்க வேண்டும். இந்தத் தொழிலின் பாதி, அவசரப்படுகிற வெயிலைத் தடுத்து நிறுத்துவதுதான்.

2021இல் ஐ.பி.எல். ஏப்ரல் 9 அன்று சென்னையில் தொடங்கியது. மே 3 அன்று கொல்கத்தா அணியின் வருண் சக்கரவர்த்திக்கும் சந்தீப் வாரியருக்கும் தொற்று என்று செய்தி வந்தது. சென்னை அணியில் பந்துவீச்சுப் பயிற்சியாளர் பாலாஜிக்கும் தொற்று. மறுநாளே போட்டி நின்றது. 29 ஆட்டங்கள் முடிந்திருந்தன. ஊரில் அந்த வாரங்கள் எப்படி இருந்தன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் 24 இரவிலிருந்து இந்தியாவிலிருந்து வரும் பயணிகளுக்கு அமீரகம் கதவை மூடியிருந்தது. ஊருக்குப் போனால் திரும்பி வர வழியில்லை. "எய்யா, நீ அங்கனயே இரி, இங்க வராத" என்று அம்மா போனில் சொன்னாள். குழுவில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், நேபாளிகள் எல்லோரும் உண்டு. காலையில் வேலைக்கு வந்ததும் முதல் பேச்சு வீட்டு நிலவரம்தான். யாருக்காவது ஊரிலிருந்து கெட்ட செய்தி வந்திருந்தால் அன்று அவருடைய ரோலரை இன்னொருவர் எடுத்துக்கொள்வார், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

மே 29 அன்று, ஐ.பி.எல். மிச்சத்தை அமீரகத்தில் நடத்துவதாக இந்திய வாரியம் அறிவித்தது. ஜூன் 29 அன்று, டி20 உலகக் கோப்பையும் அமீரகத்துக்கும் ஓமனுக்கும் மாறுகிறது என்று ஐ.சி.சி. உறுதிசெய்தது. ஊர் எரியும்போது ஆட்டம் தேவையா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அது நியாயமான கேள்வி. ஆனால் எங்கே ஆடுவது என்று வந்தபோது, மருத்துவமனையும் ஆம்புலன்சும் தட்டுப்பாடாக இருந்த நகரங்களுக்கு மேல் இன்னொரு சுமையை ஏற்றாமல் எடுத்துச் சென்றது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

முடிவு எங்களுக்கு வந்து சேர்ந்தபோது கோடை. மனிதருக்குக் கொடுமையான காலம். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் பன்னிரண்டரை முதல் மூன்று மணிவரை திறந்தவெளியில் வேலை செய்யக்கூடாது என்று இங்கே சட்டமே உண்டு. விடியலிலும் இரவிலும்தான் வேலை. ஆனால் நாங்கள் வளர்க்கும் பெர்முடா புல்லுக்கு அதுதான் வசந்தம். அது நம்மூர் அருகம்புல் குடும்பம். சூட்டில் கொடிவிட்டுப் படரும். அந்தக் கோடை மட்டும் கிடைக்காமல் போயிருந்தால் 70 ஆட்டத்தை எந்த நிபுணர் வந்தும் காப்பாற்றியிருக்க முடியாது.

அபுதாபிக்காரர்களுக்கு அந்தக் கோடையும் முழுதாகக் கிடைக்கவில்லை. கராச்சியில் மார்ச் மாதம் தொற்றால் நின்றுபோன பாகிஸ்தான் சூப்பர் லீக்கின் மிச்ச ஆட்டங்கள் 20, ஜூன் 9 முதல் 24 வரை அங்கேதான் நடந்தன. வெயிலுக்குப் பயந்து இரவில் வைத்தார்கள்; இரண்டு ஆட்டம் உள்ள நாளில் இரண்டாவது ஆட்டம் இரவு பத்து மணிக்குத் தொடங்கும். ஆக, ஆறு மாதத்துக்குள் மூன்று நாடுமாறிய போட்டிகளை ஒரே மைதானத்தின் மண் தாங்கியது.

இனி கணக்குக்கு வருகிறேன். மைதானத்தின் நடுவே பிட்ச்கள் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருக்கும். எல்லாம் பிட்ச்தான், ஆனால் எல்லாம் சமமல்ல. ஓரத்துப் பிட்சில் ஆடினால் ஒரு பக்க எல்லைக்கோடு குறுகிப்போகும், மறுபக்கம் நீண்டுவிடும். ஒளிபரப்பின் முக்கியமான கேமராக்கள் இரு முனையிலும் நடுப் பிட்ச்களுக்கு நேராக அமைக்கப்பட்டவை, ஓரத்துக்குப் போகப் போகக் கோணம் கெடும். அதனால் எல்லோருக்கும் நடுப் பிட்ச்தான் வேண்டும். நடுவில் இருப்பதோ ஒரு கை விரல்களின் எண்ணிக்கைக்குள் அடங்கும்.

எனவே திட்டம் கடைசியிலிருந்து முதலுக்குப் போகும். நவம்பர் 14 துபாயில் உலகக் கோப்பை இறுதியாட்டம், அதற்கு ஒரு நடுப் பிட்ச் புதிதாக வேண்டும். நவம்பர் 11 அரையிறுதிக்கு இன்னொன்று. அக்டோபர் 24 இந்தியா, பாகிஸ்தான். இவற்றை முதலில் தாளில் பூட்டிவிட்டு, அவை ஓய்வெடுக்கும் நாட்களில் மற்ற ஆட்டங்களை எங்கே வைப்பது என்று பார்ப்போம். ஐ.பி.எல். இறுதியாட்டம் அக்டோபர் 15, அதுவும் துபாயில்தான். துபாயில் உலகக் கோப்பையின் முதல் ஆட்டம் அக்டோபர் 23, இங்கிலாந்தும் மேற்கிந்தியத் தீவுகளும். நடுவே எட்டு நாள். ஒரு பிட்சைப் புதிதாகச் செய்யவே அது போதாது. ஆகவே உலகக் கோப்பைக்கான பிட்ச்களின் வேலை, ஐ.பி.எல். நடந்துகொண்டிருக்கும்போதே, அதே மைதானத்தில், சில அடி தள்ளி நடந்துகொண்டிருந்தது. தொலைக்காட்சியில் நீங்கள் பார்த்தது ஒரு பிட்ச். அதன் பக்கத்தில் பச்சையாகத் தெரிந்ததெல்லாம் வேறு வேறு வயதில் வளர்ந்துகொண்டிருந்தவை.

அந்த எட்டு நாளும் சும்மா வந்ததல்ல. உலகக் கோப்பையின் முதல் சுற்றில் ஒரு பிரிவின் ஆறு ஆட்டங்கள் மஸ்கட்டை ஒட்டிய அல் அமராத்தில் அக்டோபர் 17, 19, 21 என்று நடந்தன. ஓமன் பப்புவா நியூகினியைப் பத்து விக்கெட்டில் வென்றதும், அன்றிரவே ஸ்காட்லாந்து வங்கதேசத்தை ஆறு ரன்னில் வீழ்த்தியதும் அங்கேதான். சிறிய கிரிக்கெட் நாட்டுக்குக் கிடைத்த கௌரவம் என்று எழுதினார்கள், உண்மைதான். அதோடு, மூன்று அமீரக மைதானங்களுக்கும் ஐ.பி.எல்.லுக்குப் பிறகு மூச்சுவிட இடம் கொடுத்ததும் ஓமன்தான். ஒரு உலகக் கோப்பையின் அட்டவணையில் மண்ணின் ஓய்வும் ஒரு காரணமாக நின்றது. வயலைத் தரிசு போட்டு ஆற்றுகிற சம்சாரி அதை உடனே புரிந்துகொள்வார். ஆனால் அந்த மஸ்கட் மைதானத்துக்கும் சோதனை வந்தது: தொடக்கத்துக்கு இரண்டு வாரம் முன்பு, அக்டோபர் 3 அன்று, ஷாஹீன் புயல் ஓமனின் வடகரையில் ஏறியது. இன்னும் கொஞ்சம் தெற்கே வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே மனம் நடுங்குகிறது.

ஓய்வு கிடைத்தாலும் பிட்சின் குணம் மாறத்தான் செய்யும். ஒருமுறை ஆடிய பிட்சில் பந்துவீச்சாளர் கால் ஊன்றும் இடத்தில் குழி விழும். கூட்டி, நனைத்து, ஈரக் களிமண் வைத்து இடிப்போம். ஆனால் நல்ல நீளத்தில் பந்து விழுந்து விழுந்து உதிர்ந்த மேல்தோலை அப்படி ஒட்டவைக்க முடியாது. அடுத்தமுறை பந்து அங்கே பிடித்து நின்று வரும். சார்ஜா 2020இல் ரன் கொட்டிய இடம்; அந்த ஆண்டு செப்டம்பர் 22 அன்று ஐ.பி.எல். ஆட்டத்தில் ராஜஸ்தான் 216 அடிக்க, சென்னை 200 அடித்துத் தோற்றது. அடுத்த ஆண்டு அதே சார்ஜாவில் ரன் எடுக்கத் திணறினார்கள். மந்தமான பிட்ச் என்று வர்ணனையில் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அது எங்கிருந்து மந்தமானது, எத்தனை பேர் அதன் மேல் ஓடினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

துபாயில் எங்களை வாட்டியது பிட்ச் அல்ல, பனி. அக்டோபர் 15 இறுதியாட்டத்தில் முதலில் ஆடிய சென்னை 192 எடுத்து 27 ரன்னில் கொல்கத்தாவை வென்றது. அதற்குப் பிறகு இரவுகள் குளிர ஆரம்பித்தன; பனியில் நனைந்த பந்து, இரண்டாவதாகப் பந்துவீசுபவர் கையில் நழுவும். உலகக் கோப்பையில் துபாயில் நடந்த ஆட்டங்கள் 13. பன்னிரண்டில் இரண்டாவதாக ஆடிய அணியே வென்றது. விலக்கு ஒன்றுதான்: நவம்பர் 3, நியூசிலாந்து ஸ்காட்லாந்தை 16 ரன்னில் வென்றது, அது பிற்பகல் ஆட்டம். இரவு ஆட்டம் ஒன்றில்கூட முதலில் ஆடியவர் ஜெயிக்கவில்லை. பனியைக் குறைக்கச் செய்யக்கூடியதை எல்லாம் இந்தத் தொழில் செய்யும்: புல்லைத் தாழ வெட்டுவது, நீர் துளியாக நிற்காமல் கீழிறங்க மருந்தடிப்பது, இடைவேளையில் நீண்ட கயிறு பிடித்து மைதானம் முழுக்க இழுப்பது. இழுத்த இடத்தில் கொஞ்ச நேரத்தில் மறுபடி பூக்கும். நாடு மாற்றினால் ஆட்ட நேரமும் தேதியும் புதிய வானத்துக்குப் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்திய ரசிகர் வீட்டுக்கு வந்து உட்காரும் மாலை ஏழரை மணி, எங்களுக்கு ஆறு மணி. அந்த மணிக்கணக்கு மாறவே இல்லை. அந்த ஆண்டு சுண்டிய நாணயத்துக்குக் கிடைத்த பலம் என் மனசுக்கு ஒப்பவில்லை.

நவம்பர் 7 அன்று அபுதாபியில் நியூசிலாந்து, ஆப்கானிஸ்தான் ஆட்டம். அன்று தொடக்கத்துக்கு முன்பாகவே, அந்த மைதானத்தின் தலைமைப் பராமரிப்பாளர் மோகன் சிங் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. அவரை நான் பழகி அறிந்தவனல்ல. மொகாலியில் தொழில் கற்று, அபுதாபியின் அந்தப் பிட்ச்களைப் பல ஆண்டுகள் வளர்த்தவர் என்று இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஆட்டம் நடந்தது. அவர் தயாரித்த பிட்சில்தான் நடந்தது. அவருக்குப் பிறகு அங்கே நின்ற ஆட்கள் மூன்றாம் நாள், நவம்பர் 10 அன்று, இங்கிலாந்துக்கும் நியூசிலாந்துக்கும் அரையிறுதிப் பிட்சைக் கொடுத்தார்கள். கடைசி ஓவருக்கு முன்பு முடிந்த நல்ல ஆட்டம் அது. அந்த உலகக் கோப்பையைப் பற்றிப் பேசும்போது அவர் பெயரைச் சொல்லாமல் விடுவது முறையல்ல.

நவம்பர் 14 இரவு இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியா எட்டு விக்கெட்டில் வென்றது. மேடை போட்டார்கள், வாணவேடிக்கை நடந்தது. குளிர் இரவுகளில் பெர்முடா சோர்ந்துபோகும். பச்சை போகாமல் இருக்கக் குளிர்காலப் புல் விதையைத் தூவுவதற்கும் அதுதான் தருணம். அடுத்த வாரத்தில் நடுப் பிட்ச்களை நன்றாக நனைத்து, குழிகளை அடைத்து, கயிறு கட்டி, யாரும் மிதிக்கக்கூடாது என்று விட்டோம்.

2022இல் ஆசியக் கோப்பை இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் இங்கே மாறி வந்தது. ஆகஸ்ட் 27 தொடங்கி செப்டம்பர் 11 முடிய 13 ஆட்டங்கள், துபாயும் சார்ஜாவும். அறிவிப்பு ஜூலைக் கடைசியில் வந்தது. கையில் ஒரு மாதம், வெளியில் நல்ல சூடு, புல் படர்கிற காலம். அட்டவணைத் தாள் வந்த அன்று இறுதியாட்டத் தேதியில் விரல் வைத்துப் பின்னோக்கி எண்ணினோம். நாள் போதுமானதாக இருந்தது.