கேட்டுப் பெற்ற நிழல்

சத்திரம் என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறிச் செல்லும் இடம். திருச்சிராப்பள்ளியின் சத்திரம் பேருந்து நிலையத்தில் இன்று எவரும் தங்குவதில்லை. ஆனால் நாள் முழுதும் காத்திருக்கிறார்கள். லால்குடிக்கும் முசிறிக்கும் துறையூருக்கும் போகிறவர்கள், காவிரிப் பாலம் கடந்து திருவரங்கம் செல்கிறவர்கள், மலைக்கோட்டைக் கடைவீதியில் துணியெடுத்துத் திரும்புகிறவர்கள், நத்தர்ஷா வலி தர்காவுக்கு வந்து ஊர் திரும்புகிறவர்கள் ஆகிய அனைவரும் சிறிது நேரம் ஒரே கூரையின் கீழ் நிற்கிறார்கள். மனித முகங்களைப் படம்பிடிக்க விரும்புகிறவனுக்கு இந்நகரில் இதனினும் சிறந்த இடம் இல்லை என்பது என் எண்ணம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பின் நான் அங்கே செல்வது வழக்கம். என் தோளில் தொங்குவது இக்காலத்து டிஜிட்டல் காமிரா. அதன் முகப்பில் பொருந்தியிருப்பதோ 1967ஆம் ஆண்டில் சோவியத் நாட்டில் செய்யப்பட்ட 'ஜூபிட்டர்-8' என்னும் லென்ஸ். அந்நாட்டு லென்ஸ்களில் பொறிக்கப்பட்ட வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் அது பிறந்த ஆண்டைச் சொல்லிவிடும்.

அது என் சாச்சாவின் உடைமை. சென்னை மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையாவதற்குப் பல ஆண்டுகள் முன்னர், அங்கே பழம்பொருள் விற்ற ஒருவரிடம் 'ஜோர்கி-4' காமிராவோடு சேர்த்து அதை வாங்கினார். இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் ரூபாய்க் கணக்கில் வாணிபம் செய்துகொண்ட காலம் அது. ருஷ்ய நூல்களும் கருவிகளும் நம் நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டின. உதகையில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை செய்த 'இந்து' பிலிமைச் சாச்சா அதில் போட்டுப் படமெடுத்தார். அந்தத் தொழிற்சாலை இன்று மூடிக் கிடக்கிறது. சாச்சாவும் இல்லை. காமிராவின் ஷட்டர் துணியால் ஆனது. யாரோ மூடியைக் கழற்றி வெயிலில் வைத்துவிட, பூதக்கண்ணாடி காகிதத்தைச் சுடுவதுபோல் சூரிய ஒளி லென்ஸ் வழியே புகுந்து துணியைப் பொத்தலாக்கிவிட்டது. லென்ஸ் மட்டும் பழுதின்றி என்னிடம் வந்து சேர்ந்தது.

இந்த லென்ஸின் வரலாறு வியப்பானது. இதன் மூல வடிவம் ஜெர்மனியில், சைஸ் ஐகான் நிறுவனத்தில், லுத்விக் பெர்த்தலே என்னும் அறிஞரால் வகுக்கப்பட்டு 1930களின் தொடக்கத்தில் வெளிவந்த 'ஸோனார்' ஆகும். ஆறு கண்ணாடிகளை மூன்று தொகுதிகளாக ஒட்டி அமைத்திருக்கிறார்கள். காற்றைத் தொடும் ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பிலும் சிறிதளவு ஒளி எதிரொளித்து வீணாகிறது. அதைத் தடுக்கும் மேற்பூச்சு வழக்கில் இல்லாத நாளில், பரப்புகளைக் குறைத்த லென்ஸே தெளிவான படம் தந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் சைஸின் கருவிகளையும் கண்ணாடிகளையும் போர் இழப்பீடு என்ற பெயரில் சோவியத் நாடு கொண்டுசென்றது. அவ்வாறு ஸோனார் ருஷ்ய மண்ணில் 'ஜூபிட்டர்' ஆயிற்று.

அந்நாட்டுக் காமிராத் தொழிலின் தொடக்கமோ இன்னும் உருக்கமானது. கார்கோவ் நகரில், அன்தோன் மக்காரெங்கோ என்ற கல்வியாளரின் பொறுப்பில், வீடற்றுத் திரிந்த சிறுவர்களுக்கான ஓர் உழைப்புப் பள்ளி நடந்தது. ஜெர்மன் 'லைக்கா'வைப் பார்த்து அங்கே 1934 முதல் 'பெட்' என்னும் காமிராக்கள் தொடர்ச்சியாகச் செய்யப்பட்டன. தாய் தந்தையற்ற பிள்ளைகளின் கரங்கள் அவற்றைப் பூட்டின. பின்னர் மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் ஜோர்கி பிறந்தது. சாச்சா வைத்திருந்த ஜோர்கி-4 மட்டும் 1956 முதல் 1973 வரை ஏறத்தாழ 17 லட்சம் செய்யப்பட்டதாம். அந்தக் கார்கோவ் இன்று உக்ரைன் நாட்டில், 2022இல் மூண்ட போரின் குண்டுகளுக்கு இலக்காகி நிற்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

இவ்வகைக் காமிராக்களுக்கு 'ரேஞ்ச்பைண்டர்' என்று பெயர். தூரம் காண்பது என்று பொருள். முகப்பில் சற்று இடைவெளிவிட்டு இரண்டு சிறு சாளரங்கள் இருக்கும். இரண்டின் வழியேயும் வரும் காட்சிகள் கண்ணருகே ஒன்றன்மேல் ஒன்றாக விழும். எதிரே நிற்பவர் இருவராகத் தெரிவார். லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப, இரு உருவங்களும் நெருங்கி வந்து ஒன்றாகும். அவை ஒன்றான கணத்தில் தூரம் சரியாக அளக்கப்பட்டது என்று பொருள். நம் இரு கண்களும் இடையறாது செய்துவரும் வேலையும் ஏறக்குறைய இதுவே.

பழைய லென்ஸைப் புதிய காமிராவில் பொருத்துவது கடினமன்று. ஜோர்கியின் லென்ஸ் 39 மில்லிமீட்டர் விட்டமுள்ள திருகுமரையால் பூட்டப்படுவது. அதன் தாங்குபரப்புக்கும் பிலிமுக்கும் இடையே 28.8 மில்லிமீட்டர் தூரம் வேண்டும். என் காமிராவில் அந்தத் தூரம் 18 மில்லிமீட்டர். எஞ்சிய 10.8 மில்லிமீட்டரை ஒரு வளையம் நிரப்பிவிடுகிறது. ஆனால் இந்த லென்ஸ் புதிய காமிராவோடு பேசாது. தூரத்தையும் துவாரத்தையும் நம் விரல்களே சரி செய்ய வேண்டும். நான் துவாரத்தை 8 என்ற எண்ணிலும் தூரத்தை 3 மீட்டரிலும் வைத்துக்கொள்வேன். ஏறத்தாழ 2.3 மீட்டர் முதல் 4.2 மீட்டர் வரை நிற்பவர் அனைவரும் தெளிவாக விழுவர். பொழுது சாய்ந்ததும் துவாரத்தை 2 வரை முழுதாகத் திறப்பேன். அப்போது முகத்தின் ஓரங்கள் மெல்லக் கரைந்து, பேருந்து விளக்குகளைச் சுற்றி ஒரு மங்கல் படரும். அதைக் குறை என்பாரும் உண்டு; எனக்கு அது பிடித்திருக்கிறது.

இந்த லென்ஸுக்கு ஓர் எல்லை இருக்கிறது. தொலைவிலுள்ளதை அருகில் இழுத்துக் காட்டும் ஆற்றல் இதற்கு இல்லை. ஒரு மீட்டருக்கும் நெருங்கினால் தெளிவும் கிடையாது. ஒரு முகம் வேண்டுமென்றால் நடந்து போய் அந்த மனிதரின் எதிரில், பேசும் தூரத்தில் நிற்க வேண்டும். அவ்வளவு அருகில் நின்றுகொண்டு ஸலாமோ வணக்கமோ சொல்லாமல், அனுமதி கேட்காமல், கருவியை உயர்த்த நாகரிகமுள்ளவனால் முடியாது.

அனுமதி என்ற இந்தச் சொல் எங்கள் வீட்டில் நெடுங்காலமாக ஒரு வழக்காக நிற்கிறது. என் நன்னிக்குப் படம் கிடையாது. ஹஜ் பயணப் பத்திரத்துக்கென ஸ்டுடியோவில் எடுத்த ஒரே படமும் 1977 நவம்பரில் திருச்சிக்குள் புகுந்த வெள்ளத்தில் போயிற்று. அதன்பின் பல ஆண்டுகள் நன்னி உயிரோடிருந்தார். காமிராவும் அதே வீட்டில்தான் இருந்தது. சாச்சா ஒருமுறை கேட்டார். "வேணாம்ப்பா. நான் மௌத்தானதுக்கப்புறம் யாரும் படத்தைப் பார்த்து அழுதுக்கிட்டிருக்க வேணாம்" என்று நன்னி சொல்லிவிட்டார். சாச்சா மறுமுறை கேட்கவில்லை. நன்னி உறங்கும்போதோ முறத்தில் அரிசி புடைக்கும்போதோ மறைந்து நின்று எடுக்கவுமில்லை.

இன்று அக்காவுக்கு அதில் தீராத மனக்குறை. "தெரியாம ஒண்ணு எடுத்து வச்சிருந்தா என்ன? என் பிள்ளைங்களுக்கு நன்னி முகம் எப்படின்னு எதைக் காட்டுவேன்?" என்பார். அம்மாவின் பதில் சுருக்கமானது: "பெத்தவ சொன்ன சொல்லை அவரு காப்பாத்துனாரு." இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. நன்னியின் முகம் எனக்குள்ளும் ஆண்டுக்காண்டு மங்கிவருகிறது. மூக்குத்தி நினைவிருக்கிறது, குரல் நினைவிருக்கிறது, கண்கள் சரியாக வரவில்லை. அந்த இழப்பு சிறியதன்று.

உருவப்படம் பற்றி நம் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை வாசகர் அறிவர். அறவே கூடாது என்றோரும் உளர். புகைப்படம் ஒருவர் படைக்கும் உருவமன்று, விழுந்த நிழலை நிறுத்தி வைப்பதே என்று வாதிட்ட, எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷெய்கு முஹம்மது பகீத் போன்றோரும் உளர். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. நான் சொல்ல விரும்புவது, நிழலேயாயினும் அது யாருடைய நிழல் என்ற கேள்வியைத்தான்.

இங்கே பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைதம் நினைவுக்கு வருகிறார். கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதால்தான் பார்வை உண்டாகிறது என்று யூக்ளிடும் தாலமியும் கருதியிருந்தனர். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய 'கிதாபுல் மனாஸிர்' என்ற நூலில் இப்னுல் ஹைதம் அதை மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுள் புகுவதாலேயே நாம் காண்கிறோம் என்று சோதனைகளால் நிறுவினார். இருட்டறையின் சிறு துளை வழியே வெளியிலுள்ள ஒளி உள்ளே விழுவதையும் ஆராய்ந்தார். காமிரா என்பது அந்த இருட்டறைதானே! நாம் 'படம் எடுத்தேன்', 'படம் பிடித்தேன்' என்கிறோம். உண்மையில் நம் கண் எதையும் எடுப்பதுமில்லை, பிடிப்பதுமில்லை. எதிரிலிருப்பவரிடமிருந்து வருவதை ஏற்றுக்கொள்கிறது. வருவதை ஏற்பவன் முதலில் கேட்பதுதானே முறை?

சத்திரத்தில் நான் கேட்கிறேன். பத்துப்பேரில் நாலைந்துபேர் தலையசைக்கிறார்கள். சிலர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்கிறார்கள். திருவரங்கத்திலிருந்து பூக்கூடையோடு வரும் ஓர் அம்மாள், "மொதல்ல மொழம் பூ வாங்கு, அப்புறம் படம்" என்றார், வாங்கினேன். வெண்துப்பட்டி அணிந்த ஒரு மூதாட்டி துறையூர்ப் பேருந்துக்காக நின்றிருந்தார். மாலை வெயில் சாய்வாக அவர் முகத்தில் விழுந்திருந்தது. நன்னியின் சாயல் இருந்ததோ, அல்லது நான் தேடியதால் அப்படித் தோன்றிற்றோ, அறியேன். ஸலாம் சொல்லிக் கேட்டேன். "படம் வேணாம் தம்பி. எனக்காக துஆ செய்ங்க, அது போதும்" என்றார். காமிராவைத் தாழ்த்திக்கொண்டேன். பேருந்து வரும்வரை அவர் தம் பேரப்பிள்ளைகளைப் பற்றி என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு, படம் கிடைத்திருந்தால் எனக்குக் கிடைத்திராது.

கைபேசி வைத்திருப்பவரெல்லாம் படமெடுக்கும் காலம் இது. முகங்கள் நொடியில் எடுக்கப்பட்டு, உரியவர் அறியாமலே ஊரெங்கும் அனுப்பப்படுகின்றன. வீட்டுத் திருமணத்தில் ஒதுங்கி அமர்ந்த பெண்களின் படமும் எங்கோ ஓர் அந்நியரின் கையில் போய்ச் சேர்கிறது. இதனால் மனம் புண்பட்ட குடும்பங்களை நாம் அறிவோம். கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. எடுக்குமுன் கேட்கும் வழக்கத்தை நம் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும். அக்காவின் மூத்த மகள் இந்த லென்ஸைக் கற்றுக்கொள்ள விரும்புகிறாள். துவாரம், தூரம், வளையம் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவருகிறேன். அவள் கேட்ட முதல் ஆள் அவளுடைய தாய். அக்கா சற்று யோசித்து, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, "எடு" என்றார். ஒரு மீட்டர் தூரத்தில் நின்று அவள் எடுத்த அந்தப் படத்தைச் சட்டமிட்டு எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்திருக்கிறோம்.