பெரிய வெள்ளிக்கு மட்டுமா சிலுவை?

இப்போதெல்லாம் யூடியூபில் பிரசங்கம் கேட்டால் வேலை, விசா, வீடு, கடன் விடுதலை எல்லாம் வருகிறது. சிலுவையை மட்டும் பெரிய வெள்ளிக்கு ஒதுக்கிவிட்டார்கள்.

பவுல் போன கொரிந்துவும் காசு புரண்ட வணிக நகரம்தான். அங்கே எது எடுபடும் என்று அவருக்குத் தெரியாதா? சிலுவையில் அறையப்பட்டவரைத் தவிர வேறு பேச்சில்லை என்று முடிவெடுத்துத்தான் போனார். அன்றைக்குச் சிலுவை கழுத்தில் தொங்கும் தங்கம் அல்ல. அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் ரோம் வைத்திருந்த கொலைக்கருவி. ரோமின் பாலடைன் குன்றில் கிடைத்த பழைய சுவர்க் கிறுக்கல் ஒன்றில், கழுதைத் தலையோடு ஓர் உருவம் சிலுவையில் தொங்குகிறது. அலெக்சமெனோஸ் என்பவன் தன் கடவுளைக் கும்பிடுகிறானாம்! கிரேக்க மொழியில் எழுதிய கேலி. இத்தனை ஏளனத்துக்கு நடுவிலும் அன்றைய சபை சிலுவையை மறைத்துப் பேசவில்லை.

மாற்கு சுவிசேஷத்தையே பாருங்கள். மொத்தம் 16 அதிகாரங்கள். 11-ஆம் அதிகாரத்திலிருந்து, சிலுவையை நோக்கிப் போகும் இயேசு எருசலேமில் கழித்த கடைசி நாட்கள்தான்.

ஆசீர்வாதம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நானும் கேட்டு ஜெபிக்கிறவன்தான். ஆனால் சிலுவை இல்லாத ஆசீர்வாதப் பேச்சைப் பிரசங்கம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போதகர்களே, லெந்து காலம் வரை காத்திருக்காதீர்கள். வருகிற ஞாயிறே சிலுவையைப் பேசுங்கள்.