ஒரு மணி நேரத்தில் யாழ்ப்பாணம்



திருச்சியைச் சேர்ந்த மாணவன் ஒருவன் பாடவேளையில் எழுந்து கேட்டான்: "ஹஜ்ரத்! என் வாப்பா விமானத்தில் யாழ்ப்பாணம் போய் மறுநாளே திரும்புகிறார். ஒரு மணி நேரம்தான் பயணம். கஸ்ரு தொழலாமா?"

நியாயமான ஐயம்தான். திருச்சிக்கும் பலாலிக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 183 கிலோமீட்டர். 2025 மார்ச் 30 அன்று இவ்வழியில் இண்டிகோ நிறுவனம் சேவையைத் தொடங்கியது. ஓடுவது ஏ.டி.ஆர். என்னும் சிறு விமானம். மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகம். கணக்குப் போட்டால் 22 நிமிடங்களே வரும். ஆனால் அட்டவணையோ ஒரு மணி நேரம் என்கிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மேலேறுவதும், வேகத்தைக் குறைத்துச் சுற்றி வந்து இறங்குவதும் மீதி நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. தூரம் குறையக் குறைய இந்தப் பங்கு பெரிதாகிவிடும். கடவுச்சீட்டு வரிசையையும் சேர்த்தால் அரை நாள் போய்விடும் என்பது வேறு விஷயம்.

நம் திருநின்றவூரில் மின்சார ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, எதிரேயுள்ள பூங்கா நிலையத்தில் மாறி, திரிசூலம் விமான நிலையம் போய்ச் சேர எனக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. அதற்குக் கஸ்ரு இல்லை; ஒரு மணி நேர யாழ்ப்பாணத்திற்கு உண்டு! ஷாபிஈ மத்ஹபில் அளவு இரண்டு மர்ஹலா, அதாவது சுமார் 80 கிலோமீட்டர். மர்ஹலா என்பதே சுமை ஒட்டகத்தின் ஒரு நாள் நடை. காலத்தைக் கொண்டு பிறந்த அளவு, பின்னர் தூரமாக நிலைத்தது. அத்தூரத்தை ஒருவர் கணப்பொழுதில் கடந்தாலும் சலுகை உண்டென்று நம் இமாம்கள் ஒட்டகக் காலத்திலேயே எழுதி வைத்தனர்.

இந்த வான்வழி புதியதன்று. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானமே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் பறந்தது. பின்னர் போர் வந்து வழியடைத்தது. 2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னை விமானம் வந்தது. பெருந்தொற்றினால் 2020 இல் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது.

இடையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் யாழ்ப்பாணத்தைப் பற்றி நாம் பேச முடியாது. 1990 அக்டோபர் 30 அன்று அந்நகரத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்திற்குள் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. வடமாகாணம் முழுவதிலுமிருந்து எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் விரட்டப்பட்டனர். பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டகைகளில் ஒதுங்கினர். 2002 போர்நிறுத்தத்தின்போது சிலரும், 2009 க்குப் பின் இன்னும் பலரும் திரும்பிச் சென்று பார்த்தனர். சோனகத் தெருவில் பல வீடுகளுக்குக் கூரையில்லை. ஏராளமானோர் புத்தளத்திலேயே தங்கிவிட்டனர்.

மாணவனுக்கு விடை சொல்லி முடித்தேன். அவன் விடவில்லை: "ஹஜ்ரத்! புத்தளத்தில் இருப்பவர் தாம் பிறந்த சோனகத் தெருவுக்கு இரண்டு நாள் வந்தால், அங்கே கஸ்ரு தொழுவாரா, முழுதாகத் தொழுவாரா?"

நிரந்தரமாகக் குடியிருக்கும் ஊரே ஒருவரின் வதன் என்பது சட்டம். புத்தளத்தையே அவர் அவ்வாறு ஆக்கிக்கொண்டிருந்தால், பிறந்த வீட்டின் வாசலிலும் அவர் முஸாபிர்தான். இரண்டு ரக்அத்துகள் தொழலாம் என்றேன். அவன் குறித்துக்கொண்டான். நான் கிதாபை மூடிவிட்டேன்.