தெரியாதுன்னா ஏன் சொன்னே?

2002-ல் நான் பத்திரிகைக்காரன் ஆகியிருக்கவில்லை. பி.காம். முடித்துவிட்டு, கழுத்தில் டை, கையில் ரெக்ஸின் பை சகிதம் சென்னையில் இ.பி.ஏ.பி.எக்ஸ். விற்றுக்கொண்டிருந்தேன். பெயரைப் பார்த்து மிரளாதீர்கள். ஆபீஸ்களில் வெளியே இரண்டு லைன், உள்ளே எட்டு எக்ஸ்டென்ஷன் என்று பிரித்துக் கொடுக்குமே, சுவரில் மாட்டிய ஒரு பெட்டி... அதுதான். வெளிநாட்டுச் சரக்கு. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள் என்று யாரும் சொல்லவும் இல்லை. டிஸ்கவுன்ட் எதுவரை போகலாம் என்பது மட்டும் மனப்பாடம்.

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு பேப்பர் மொத்த வியாபாரி. அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய கடை. அண்ணனுக்கு அறுபது வயதிருக்கும். காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டு, விலையைப் பற்றிக்கூடப் பேசாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, நான் பேசறதை வேற யாராவது ஒட்டுக் கேட்க முடியுமா?"

"சான்ஸே இல்லை சார். நூறு பர்சென்ட் சேஃப்."

செக் கைக்கு வந்தது. அந்த மாத டார்கெட்டும் முடிந்தது.

எட்டு மாதம் கழித்துக் கூப்பிட்டு அனுப்பினார். விஷயம் இதுதான். அந்தப் பெட்டியில் 'பார்ஜ்-இன்' என்று ஒரு வசதி உண்டு. ஒரு எக்ஸ்டென்ஷனில் நடக்கிற பேச்சுக்குள் இன்னொரு எக்ஸ்டென்ஷன்காரர் நுழையலாம். மேலதிகாரி அவசரத்துக்குக் குறுக்கிடட்டும் என்று வைத்தது. அதைத் திறக்க ஒரு பாஸ்வேர்டு. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே 1, 2, 3, 4. மாற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. தம்பிக்காரர் ஒரு மெக்கானிக்கைப் பிடித்துத் தன் மேஜை போனுக்கு அதைத் திறந்துகொண்டுவிட்டார். பாகப்பிரிவினை பற்றி அண்ணன் ஆடிட்டரோடு பேசியதெல்லாம் மாதக்கணக்கில் அவர் காதில் விழுந்திருக்கிறது.

பெரியவர் கத்தவில்லை. "உனக்கு முன்னாடியே தெரியுமா தம்பி?" என்றார்.

"சத்தியமா தெரியாது சார்."

"தெரியாதுன்னா ஏன் தெரிஞ்ச மாதிரி சொன்னே?"

பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். டாக்ஸி பிடிக்கக் காசில்லாமல் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

ஹான்ஸ் ப்யூலர் கதையைப் படித்தபோது அந்த பஸ் பயணம்தான் ஞாபகம் வந்தது. ஸ்விட்சர்லாந்தில் கிரிப்டோ ஏ.ஜி. என்றொரு கம்பெனி. அரசாங்கங்களுக்கும் ராணுவங்களுக்கும் தூதரகங்களுக்கும் ரகசியச் செய்திகளைச் சங்கேதமாக மாற்றும் இயந்திரங்களை விற்றது. ஸ்விஸ்காரன் நடுநிலையானவன், எவன் சண்டைக்கும் போகாதவன் என்ற நம்பிக்கை. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் வாங்கின. நாமும் வாங்கினோம், பாகிஸ்தானும் வாங்கியது. ரஷ்யாவும் சீனாவும் மட்டும் கிட்டவே வரவில்லை. விவரமானவர்கள்!

ப்யூலர் அந்தக் கம்பெனியின் சேல்ஸ்மேன். 1992 மார்ச்சில் டெஹ்ரானில் அவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். ஈரானுக்கு அந்த இயந்திரத்தின்மேல் பழைய சந்தேகம். 1986-ல் பெர்லின் டிஸ்கோ குண்டுவெடிப்புக்குப் பிறகு, லிபியாவின் ரகசியச் செய்திகளைத் தாங்கள் படித்துவிட்டதை அமெரிக்க ஜனாதிபதி ரீகன் டி.வி.யிலேயே போட்டு உடைத்திருந்தார். லிபியாவும் அதே கடை வாடிக்கையாளர். ஒன்பது மாதம் தினமும் ப்யூலரை விசாரித்தார்கள். இயந்திரத்துக்குள் என்ன இருக்கிறது, யாருக்காக வேலை செய்கிறாய்? அந்த மனுஷருக்குச் சொல்ல எதுவுமில்லை. உண்மையிலேயே தெரியாது.

பத்து லட்சம் டாலர் கட்டி மீட்டார்கள். ஊர் திரும்பியவரைக் கம்பெனி வேலையை விட்டு நீக்கியது. அதோடு விடவில்லை, அந்தப் பத்து லட்சத்தையும் அவரிடமே திருப்பிக் கேட்டது. என் முதலாளி எவ்வளவோ தேவலை. பெட்டி திரும்பி வந்ததற்கு என் இன்சென்டிவை மட்டும்தான் பிடித்தார்.

முழுக்கதை 2020 பிப்ரவரியில்தான் வெளியே வந்தது. அமெரிக்க, ஜெர்மன், ஸ்விஸ் பத்திரிகையாளர்கள் சேர்ந்து வெளியிட்டார்கள். 1970-ல் அந்தக் கம்பெனியை அமெரிக்காவின் சி.ஐ.ஏ.வும் மேற்கு ஜெர்மனியின் உளவுத்துறையும் சேர்ந்து ரகசியமாக வாங்கிவிட்டன. சங்கேதம் பார்வைக்குச் சங்கேதமாகவே இருக்கும். சூட்சுமம் தெரிந்தவர்களுக்கு மட்டும் சுலபமாக அவிழும். மெங்கியா காஃப்லிஷ் என்ற பெண் இன்ஜினீயர், விஷயம் தெரியாமல், நிஜமாகவே உடைக்க முடியாத ஒரு முறையைச் செய்து கொடுத்துவிட்டார். ஐம்பது இயந்திரங்கள் போனபிறகுதான் மேலே இருப்பவர்கள் விழித்துக்கொண்டு நிறுத்தினார்கள். சரக்கு நன்றாக இருக்கிறது என்பதற்காக உற்பத்தியை நிறுத்திய கம்பெனியைப் பற்றி எங்கள் பி.காம். பாடப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை.

இன்னொன்றும் இல்லை. கம்பெனி நல்ல லாபத்தில் ஓடியிருக்கிறது. சி.ஐ.ஏ.வின் பங்கை வருஷா வருஷம் ஜெர்மன்காரர்கள் ஒரு பாதாள கார் பார்க்கிங்கில் ரொக்கமாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்களாம். வவுச்சர் கேட்டிருப்பார்களா?

அது விற்றவனே வைத்த ஓட்டை. விற்றவன் நல்லவனாக இருந்தால்? கிரீஸைப் பாருங்கள். 2004 ஆகஸ்ட், ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ் சமயம். வோடஃபோன் நிறுவனத்தில் எரிக்ஸன் எக்ஸ்சேஞ்சுகள். கோர்ட், போலீஸ் உத்தரவின்படி ஒட்டுக் கேட்பதற்கான ஒரு பகுதி, சாஃப்ட்வேர் அப்டேட்டோடு சேர்ந்து உள்ளே வந்து சும்மா கிடந்தது. அதை நிர்வகிக்கும் மேல்பகுதியை வோடஃபோன் வாங்கவே இல்லை. யாரோ உள்ளே புகுந்து, தூங்கியதை எழுப்பிவிட்டார்கள். பிரதமர் கராமன்லிஸ் உள்பட நூறு பேருக்கு மேல் மாதக்கணக்கில் கேட்கப்பட்டார்கள். எஸ்.எம்.எஸ்.கள் சில போய்ச் சேராமல் தகராறு வந்ததால்தான் குட்டு உடைந்தது. 2005 மார்ச்சில், அந்த நெட்வொர்க்கைத் திட்டமிடும் பொறுப்பில் இருந்த கோஸ்டாஸ் ஸாலிகிடிஸ் தன் வீட்டில் தூக்கில் தொங்கிய நிலையில் கிடந்தார்.

வசதி என்று வைத்தது, வேறொருவன் கைக்குப் போனது. ஆண்டர்சன் தெரு பார்ஜ்-இன்தான், கொஞ்சம் பெரிய சைஸில்.

சீனப் பெட்டிகள் பற்றிக் கேட்பீர்கள். ஹுவாவே நிறுவனத்தின் கருவிகளைப் பிரிட்டன் 2010-லிருந்து பான்பரி என்ற ஊரில் ஒரு மையம் வைத்து, மூல நிரல் வரை பிரித்துப் பார்த்தது. 2019 அறிக்கையில், வேலைப்பாட்டில் கடுமையான குறைகள் இருக்கின்றன, ஆனால் அவை சீன அரசின் கைவரிசை என்று நாங்கள் நினைக்கவில்லை என்றார்கள். மொத்தத்தில் எங்களால் தர முடிந்தது 'வரையறுக்கப்பட்ட உறுதி' மட்டுமே என்றும் எழுதினார்கள். ஆடிட்டர் பாஷை அது. 2020 ஜூலையில், 2027-க்குள் 5ஜி-யிலிருந்து எல்லாவற்றையும் கழற்றுங்கள் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. நம் ஊரிலும் 2021 ஜூன் 15 முதல், 'நம்பகமான' இடம் என்று அரசு ஒப்புக்கொண்ட இடத்திலிருந்து மட்டுமே டெலிகாம் கம்பெனிகள் புதிய கருவிகளை வாங்கலாம். இது தேவையான விதி என்றே நினைக்கிறேன். ஆனால் ஸ்விஸ் கம்பெனிகூட ஒரு காலத்தில் ரொம்ப நம்பகமான இடம்தான். நாடுகளைப் பார்த்து வாங்குகிறோம், பெட்டியைப் பார்த்து அல்ல. பெட்டியைப் பார்க்கத் தெரிந்தவர்கள் வருடக்கணக்கில் பார்த்துவிட்டே அரைகுறையாகத்தான் தலையாட்டுகிறார்கள். நான் ரெக்ஸின் பையோடு போய் நூறு பர்சென்ட் என்றேன், யோசித்துப் பாருங்கள்.

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஃபைபர் கனெக்‌ஷன் வந்தது. மாட்ட வந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். வெள்ளைப் பெட்டி, நாலு ஆன்டெனா. பாஸ்வேர்டு அதன் முதுகிலேயே ஒட்டியிருந்தது.

"தம்பி, இதுல நாங்க பார்க்கறது, பேசறதெல்லாம் வேற யாருக்காவது போகுமா?"

"சான்ஸே இல்லை சார். நூறு பர்சென்ட் சேஃப்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

டிரில்லிங் மெஷினைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தான். "ஆபீஸ்ல அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க சார்."

பாஸ்வேர்டை எப்படி மாற்றுவது என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. உள்ளே போய் இரண்டு காபி போடச் சொல்லிவிட்டு, பெட்டியோடு வந்த புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு இருவருமாக உட்கார்ந்தோம்.