தூண்டிலுக்கு முன் தெர்மாமீட்டர்!

பிராட் பிட் நடித்து 1992-ல் வெளியான 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்' படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. ஆற்றுக்குள் நின்றபடி, தலைக்கு மேல் நீண்ட நரம்பைச் சாட்டைபோல் வீசும் இளைஞன். அமெரிக்காவின் மான்டனா மாநிலத்து ஆறுகளில் ட்ராவுட் மீனை இப்படித்தான் பிடிக்கிறார்கள். இதற்குப் பெயர் ஃப்ளை ஃபிஷிங்.

நம்மூர்த் தூண்டில் முள்ளில் மண்புழு இருக்கும். ஈயக்குண்டின் எடை அதைத் தூரத்துக்குக் கொண்டுபோகும். அங்கே முள்ளின் மேல் இறகையும் நூலையும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சிதான் இரை. அதற்கு எடையே கிடையாது. அதனால் நரம்பையே கனமாகச் செய்திருக்கிறார்கள். நரம்பு பறக்க, பூச்சி அதன் பின்னால் போகிறது.

ஒன்பது அடிக் கழி, ஒரு ரீல், நரம்பு, சின்னப் பெட்டியில் பத்துப் பன்னிரண்டு பூச்சிகள். தொடங்க இவ்வளவு போதும். மிச்சத்தை ஆறு சொல்லித்தரும்.

மே, ஜூனில் மலைப்பனி உருகி ஆறு கலங்கலாக, வேகமாக ஓடும். அப்போது இறங்குவது ஆபத்து. வெள்ளம் வடிந்து நீர் தெளிந்தால் மீன் இருக்கும் இடம் புரியும். ட்ராவுட், ஓட்டத்தைப் பார்த்தபடி நிற்கும். ஆனால், வீணாக மல்லுக்கட்டாது. பாறைக்குப் பின்னாலோ, வேகமான நீரும் மெதுவான நீரும் உரசும் இடத்திலோ நின்று, ஆறு கொண்டுவரும் பூச்சிக்காகக் காத்திருக்கும்.

சிக்கல் ஜூலை, ஆகஸ்ட்டில்தான். ஆற்றில் நீர் குறைந்து சூடேறும். ட்ராவுட் குளிர்ந்த நீரில் வாழும் மீன். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. 20 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே அது தவிக்க ஆரம்பிக்கும். பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விடுவது அங்கே பலரின் வழக்கம். அது நீந்திப் போவதைப் பார்க்க மனசு நிறையும். ஆனால், சூடான நீரில் போராடிக் களைத்த மீன், கண்ணுக்கு மறைந்த பிறகு செத்துப்போகலாம். விட்டவருக்கு அது தெரியவே தெரியாது.

அதனால்தான் மான்டனாவில் ஒரு விதி உண்டு. நீரின் அதிகபட்ச வெப்பம் தொடர்ந்து 3 நாள்கள் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது சுமார் 23 டிகிரி செல்சியஸைத் தொட்டால், மதியம் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை விதிப்பார்கள். 'ஆந்தைத் தடை' என்று பெயர். கோடையில் காட்டுத்தீக்குப் பயந்த மரவெட்டிகள், ஆந்தை அலறும் விடிகாலையிலேயே வேலையை ஆரம்பித்ததால் வந்த பெயராம்.

அனுபவசாலிகள் தடை வரும்வரை காத்திருப்பதில்லை. கழியை எடுக்கும் முன்பு, சின்னத் தெர்மாமீட்டரை நீரில் அமிழ்த்திப் பார்க்கிறார்கள். 20-ஐத் தொட்டுவிட்டால் அன்று தூண்டில் கிடையாது. பல மைல் காரோட்டி வந்தவருக்கு ஏமாற்றம்தான். ஊரில் காட்ட ஒரு போட்டோகூட இருக்காது. ராத்திரியில் ஆறு மெல்லக் குளிரும். மறுநாள் விடிகாலையில் வந்தால் போயிற்று!