காளையை மறைத்தால் யானை

சோழநாட்டில் பிள்ளைகளோடு – 3

தாராசுரத்தில் எங்களை ஏமாற்றப் பார்த்தவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதை எழுத மனம் ஓடாது.

காரை விட்டு இறங்கியதுமே வந்து ஒட்டிக்கொண்டார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஒரு குச்சி. "முந்நூறு குடுங்க, முழுக் கோயிலும் காட்டிடறேன்" என்றார். பத்து நிமிடம் காட்டினார். அந்தப் பத்து நிமிடத்தில், தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய அதே ராஜராஜன்தான் இதையும் கட்டினான் என்று ஒரு போடு போட்டார். வாசலில் தொல்லியல் துறை நட்டிருந்த பலகையை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு வந்த பெரியவள், "இல்லை அங்கிள், இது இரண்டாம் ராஜராஜன்" என்றாள்.

"ராஜா எல்லாம் ஒரே ராஜாதான் பாப்பா."

அத்தை விடவில்லை. "உங்க தாத்தா பேரை உங்களுக்கு வச்சிருக்காங்கன்னா ரெண்டு பேரும் ஒரே ஆளாயிடுவீங்களா?" என்று கேட்டார். மனிதர் முகம் மாறியது. குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கோயிலைச் சுற்றிக் காட்டியதற்கு முந்நூறு, சிற்பங்களுக்கு விளக்கம் சொன்னதற்குத் தனியாக முந்நூறு என்று கணக்குச் சொன்னார். என் கணவருக்குச் சண்டை என்றாலே வியர்த்துவிடும், பர்ஸை எடுத்துவிட்டார். நான் கையைப் பிடித்து நிறுத்தி, பேசின முந்நூறை மட்டும் கொடுத்தேன். படிக்காதவர் பிழைப்புக்குச் செய்கிறார், போகட்டும் என்று எழுதலாம்தான். ஆனால் அந்தப் பலகையைப் படிக்கப் பத்து வயதுப் பெண்ணுக்கு இரண்டு நிமிடம் போதுமானதாக இருந்தது.

அவர் போனது நல்லதாகப் போயிற்று. எங்கள் சீட்டு விளையாட்டு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

தஞ்சாவூர் லாட்ஜில் முந்தின ராத்திரி உட்கார்ந்து துண்டுச்சீட்டுகள் எழுதி வைத்திருந்தேன். 'ஓடாத சக்கரம்', 'ஒரு தலைக்கு இரண்டு உடம்பு', 'பிள்ளையைத் துப்பும் முதலை', 'பாடும் படி', 'புள்ளி வைக்காத எழுத்து' என்று ஒவ்வொன்றிலும் ஒரு விடுகதை. ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும், பெரியவர்கள் உட்பட. தேடுகிற பொருள் கிடைக்கிறவரை யாரும் எதையும் விளக்கக் கூடாது. இந்த இரண்டாவது விதி இவருக்காகவே போட்டது. பொன்னியின் செல்வனைத் திரும்பத் திரும்பப் படித்தவர். ஒரு தூணைப் பார்த்தால் வந்தியத்தேவனில் தொடங்குவார், பிள்ளைகள் அடுத்த தூணுக்கு ஓடிவிடுவார்கள்.

சக்கரம் சின்னவனுக்குச் சீக்கிரம் கிடைத்தது. முன்மண்டபத்தையே தேர் மாதிரிச் செய்திருக்கிறார்கள். பக்கவாட்டில் கல் சக்கரம், இழுத்துக்கொண்டு பாய்கிற குதிரை. அவன் ஆரக்கால்களைத் தடவிப் பார்த்துவிட்டு, "குதிரை இழுத்தா கோயில் போயிடுமா?" என்று கேட்டான். விதிப்படி யாரும் பதில் சொல்லவில்லை.

பாடும் படி எனக்கு வந்தது. பலிபீடத்துக்கு ஏறும் கற்படிகள். ஒவ்வொன்றைத் தட்டினாலும் ஒவ்வொரு ஓசை வரும் என்பார்கள். ஆளாளுக்குத் தட்டிப் பார்த்ததில் தேய்ந்து போய்விடும் என்று கம்பிக் கதவு போட்டுப் பூட்டிவிட்டார்கள். சரியான காரியம் என்றுதான் சொல்லுவேன். ஆனாலும் கம்பிக்கு வெளியே நின்று கேட்காத இசையைப் பாராட்டுவது கொஞ்சம் அசட்டுத்தனமாக இருந்தது.

ஒரு தலை இரண்டு உடம்புதான் பெரியவளை அலைக்கழித்தது. தூண் தூணாகத் தேடினாள். ஒவ்வொரு தூணிலும் கட்டம் கட்டமாக நாட்டியக்காரிகள், மத்தளம் கொட்டுகிறவர்கள், மல்லர்கள் என்று விரல் நீளத்துக்குச் சிற்பங்கள் இருக்க, கண் எங்கே நிற்கும்? முகம் சுண்டிவிட்டது. அப்போது தென்னந்துடைப்பத்தோடு பிராகாரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "என்ன தங்கம் தேடுறே?" என்று கேட்டார். சீட்டைக் காட்டினாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, துடைப்பத்தைச் சாய்த்து வைத்து, அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் பின்னாலேயே போனோம்.

ஒரு கல்லின் முன்னால் நிறுத்தி, "என்ன தெரியுது?" என்றார்.

"மாடு."

தன் உள்ளங்கையை வைத்து இடதுபக்க உடம்பை மறைத்தார். "இப்ப?"

யானை! தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கையை எடுத்து மறுபக்கத்தை மறைத்தார். திமிலும் கொம்புமாகக் காளை. இரண்டுக்கும் நடுவில் ஒரே தலை, ஒரே கண். காளைக்குக் கொம்பாகத் தெரிகிற கோடுகள் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் யானையின் தந்தமும் தும்பிக்கையுமாகிவிடுகின்றன. பெரியவள் தன் கையை வைத்து மறைத்துப் பார்த்தாள். பிறகு சின்னவன். பிறகு, சொல்ல வெட்கமாக இருந்தாலும், வரிசையில் நின்று நானும் இவரும். ரிஷபகுஞ்சரம் என்று இதற்குப் பெயர் என்று இவர் ஆரம்பித்தார், அதற்குள் பெரியவள் கேட்டாள்: "அப்பா, செதுக்கினவர் முதல்ல மாட்டை நினைச்சாரா, யானையை நினைச்சாரா?" இவரிடம் பதில் இல்லை. எண்ணூறு வருடத்துக்கு மேல் அந்தக் கல் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது போல.

அந்த அம்மாளுக்கு நூறு ரூபாய் நீட்டினேன். வாங்க மாட்டேன் என்றார். "பிள்ளைங்க ஓடிப் பார்த்துட்டுப் போயிடும், இது நின்னு பார்க்குது. அதுக்கு எதுக்கும்மா காசு?" அந்த முந்நூறு ரூபாய் ஞாபகம் வந்து வயிறு எரிந்தது. எப்படியோ அத்தை பேசிப் பேசி, எங்கள் பையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை அவர் கையில் திணித்துவிட்டார்.

முதலைச் சீட்டு அத்தைக்கு. ஜெயித்தது அவர்தான், நியாயமாகவே ஜெயித்தார். கருவறைச் சுவரின் அடித்தளத்தைச் சுற்றி நாயன்மார் கதைகளைச் சின்னச் சின்னப் படங்களாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நின்றபடி பார்த்தால் ஒன்றும் தெரியாது, குந்தி உட்கார வேண்டும். ஏழு வயதுப் பையனுக்கு அதுவே சரியான உயரம். அத்தை தரையில் உட்கார்ந்து, படம் படமாக நகர்ந்துகொண்டே போனார். முதலையின் வாயிலிருந்து ஒரு பையன் வெளியே வருகிறான்; எதிரே கைகூப்பி ஒருவர். "இதோ, அவிநாசி!" என்று கூவினார்.

அவிநாசியில் ஒரே வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் மடுவில் குளிக்கப் போகிறார்கள். ஒருவனை முதலை விழுங்கிவிடுகிறது. வருடங்கள் கழித்துச் சுந்தரர் அந்தத் தெரு வழியாக வருகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாண மேளம், எதிர்வீட்டில் அழுகை. சுந்தரர் பாட, முதலை வந்து பையனைக் கரையில் உமிழ்கிறது. போன வயதில் அல்ல, வளர்ந்த பையனாக. அத்தை இதை அபிநயத்தோடு சொன்னார். பக்கத்தில் யாரோ வடநாட்டுக் குடும்பம் ஒன்று, பாஷை புரியாமலே நின்று கேட்டது.

"இத்தனை வருஷம் முதலை வயித்துல அவன் என்ன சாப்பிட்டான் பாட்டி?"

"முதலை சாப்பிட்டதைத்தான்."

இதில் வரலாறு எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். அவன் மகன்தான் இந்தக் கோயிலைக் கட்டியவன். புத்தகம் வந்து ஒரு தலைமுறைக்குள் கல்லில் ஏறிவிட்டது. அன்றைக்கு இங்கே வந்தவர்களுக்கு இது பழங்கதைக் கோயிலாக இருந்திருக்காது; ஊரே பேசிக்கொண்டிருந்த புதுப் புத்தகத்தின் படங்களாக இருந்திருக்கும். இதை நான் பெரியவளுக்குச் சொன்னேன். அவள் அப்போது புள்ளியில்லாத எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டிருந்தாள். கல்வெட்டு வரி ஒன்றில் 'ட'வும் 'ப'வும் அவளுக்கு அடையாளம் தெரிந்தன. மற்றவை தெரியவில்லை. மெய்யெழுத்தில் புள்ளியே வைக்காமல் எழுதியிருக்கிறார்கள் என்றதும் அவளுக்கு வந்த ஆத்திரத்தைப் பார்க்க வேண்டும். "நான் ஒரு புள்ளி விட்டா மிஸ் அரை மார்க் குறைப்பாங்க!"

கோயில் சுத்தமாகத்தான் இருக்கிறது. புல்வெளிக்குத் தண்ணீர் தவறாமல் விடுகிறார்கள். ஆனால் தூணில் ஆணியால் பெயர் கீறிவிட்டுப் போகிற காதலர்களை என்ன செய்வது? நாட்டியக்காரியின் தொடையில் இரண்டு பெயர்களும் ஒரு அம்பும். விளக்கேற்றின எண்ணெயைச் சிற்பத்திலேயே துடைக்கிற பக்தி வேறு. கழிப்பறையைப் பற்றி எழுதினால் நாளைக்குக் காலை நீங்கள் காபி குடிக்க மாட்டீர்கள், விட்டுவிடுகிறேன்.

காபி என்றதும் கும்பகோணத்துச் சாப்பாடு. டிகிரி காபிப் பலகை மாட்டாத கடை இந்தப் பக்கத்தில் இல்லை. எல்லாவற்றையும் நம்ப முடியாது. ஆனால் பழைய ஓட்டு வீட்டில் நடக்கிற ஒரு சிறிய ஓட்டலில் இட்லிக்குக் கடப்பா போட்டார்கள். பாசிப்பருப்பை வேகவைத்து, உருளைக்கிழங்கை மசித்துப் போட்டு, தேங்காயும் பொட்டுக்கடலையும் பச்சைமிளகாயும் சோம்பும் அரைத்து விட்டுக் கொதிக்கவைப்பது. குருமாவும் இல்லை, சாம்பாரும் இல்லை. சின்னவன் மூன்றாவது தடவை கேட்டபோது பரிமாறினவர் பாத்திரத்தையே மேசையில் வைத்துவிட்டார்.

சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்: "ராஜராஜன் கடப்பா சாப்பிட்டிருப்பாரா?"

இவருக்கு வாய்ப்பு வந்துவிட்டது, இந்தத் தடவை நானும் தடுக்கவில்லை. உருளைக்கிழங்கு அமெரிக்கக் கண்டத்துப் பயிர். ஐரோப்பியர் கப்பலில் வந்தது. பச்சைமிளகாயும் அப்படியே, போர்ச்சுக்கீசியர் வந்த பிறகு. தக்காளியும் அந்த ஊர்தான். பெரியவள் தட்டிலிருந்த கிழங்கை ஒவ்வொன்றாக ஓரத்தில் ஒதுக்கினாள். மிளகாய்த் துணுக்கும் போயிற்று. தக்காளிச் சட்னியைத் தம்பி பக்கம் தள்ளினாள். காபி டம்ளர் தானாகவே வெளியேறியது. மிஞ்சியது பருப்பும் தேங்காயும். "காரத்துக்கு?" என்றான் சின்னவன். "மிளகுதான்" என்றார் அத்தை, தன் தட்டிலிருந்து தலை நிமிராமலே. "பாவம் ராஜராஜன்" என்று சொல்லிவிட்டு, ஒதுக்கி வைத்த கிழங்கை எல்லாம் அவனே எடுத்துச் சாப்பிட்டான். பில் ஐந்து பேருக்கு நானூறைத் தாண்டவில்லை.

மறுநாள் கங்கைகொண்ட சோழபுரம். உள்ளதைச் சொன்னால் எங்களுக்குள் உற்சாகம் குறைந்திருந்தது. கிளம்பவே பத்து மணி. போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது, கல்தரையில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. பிள்ளைகள் சிங்க உருவத்துக் கிணற்றைப் பார்த்தார்கள். சிங்கத்தின் உடம்புக்குள் படியிறங்குகிறது என்பதால் அதற்கு மட்டும் மதிப்பு. ராஜேந்திரனின் படை கங்கை வரை போய்வந்த பிறகு 1025 வாக்கில் அவன் தலைநகரையே இங்கே மாற்றினான், விமானம் ஏறத்தாழ 55 மீட்டர், வெட்டின ஏரி இன்னும் இருக்கிறது என்பதெல்லாம் காற்றோடு போயிற்று. சண்டேசருக்குச் சிவன் தலையில் பூச்சுற்றுகிற சிற்பத்தின் முன்னால் அத்தை மட்டும் நின்றார். நான் நிழல் தேடிப் போய்விட்டேன்.

ஒரு செய்தி மட்டும் பிடித்துக்கொண்டது. 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, இந்தக் கோயிலின் மதில் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போய்ப் பயன்படுத்தினார்கள். அந்தக் கீழணையின் மேல்தான், அணைக்கரைப் பாலத்தில், காலையில் வந்திருந்தோம். திரும்பும்போது சின்னவன் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை நீட்டி, "எது கோயில் கல்லு?" என்று டிரைவரைப் படுத்தி எடுத்தான். "எல்லாம் தண்ணிக்குள்ள இருக்கு தம்பி" என்றார் அவர். பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள், பாலமோ குறுகல், நிறுத்த வழியில்லை. கல்லைத் திருடினவனை ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டான். கோயிலை உடைத்துத்தான் வயலுக்குத் தண்ணீர் வந்தது என்று இவர் சொல்ல, அப்படியென்றால் சரியா தப்பா என்று பெரியவள் கேட்க, கும்பகோணம் வரும்வரை காரில் அதே வழக்கு. தீர்ப்பு ஆகவில்லை. அத்தை கோயில் பக்கம், இவர் வயல் பக்கம், நான் தூக்கத்தின் பக்கம்.

அடுத்த வாரம் தரங்கம்பாடி. இந்தத் தடவை சீட்டு எழுதுவது பிள்ளைகள், தேடுவது நாங்கள். எனக்கு வந்திருப்பது 'கடல் தின்ற கோயில்'. கடற்கரையில் கேட்ட அறை வாடகையைப் பார்த்தால், முதலில் எங்களைத் தின்றுவிடும் போலிருக்கிறது.