கைக்கெட்டிய விலையில் ஒரு செக்ஸ்டன்ட்

கடலின் இருள்களில் வழி காண நட்சத்திரங்களை அமைத்ததாகத் திருக்குர்ஆன் 6:97 கூறுகிறது. மரக்கலம் ஓட்டிய மரைக்காயர்களின் வழிவந்த எங்கள் பிள்ளைகள் அதைக் கைப்பட அறியட்டும் என்றே செக்ஸ்டன்ட் தேடினோம்.

கடைகளில் மின்னும் பித்தளைக் கருவிகள் பெரும்பாலும் அலங்காரத்துக்கே உரியவை. உலோகத்தாலான நல்ல கருவியோ எங்கள் வசதிக்கு மீறியது. எஞ்சியவை டேவிஸ் பிளாஸ்டிக் கருவிகள். மார்க் 3 மலிவு. ஆனால் 2 கலை வரையே காட்டும். பாகையில் அறுபதில் ஒரு பங்கான கலை ஒன்று பிசகினால், கடலில் ஒரு மைல் பிசகும். மார்க் 15 கருவியோ 0.2 கலை வரை காட்டும். ஆகவே அதற்கான கூடுதல் விலையை வீண்விரயமாக நாங்கள் எண்ணவில்லை. வெப்பத்தில் பிளாஸ்டிக் நெகிழ்வதால், அளக்கும்போதெல்லாம் அடிவானத்தை நோக்கிக் கருவியின் பிழையைச் சரிபார்த்தாக வேண்டும்.

கீழக்கரையில் கடல் தெற்கே விரிவதால் குளிர்கால நண்பகல் சூரியனை அளப்பது எளிது. சூரியனின் உச்சக் கோணத்திலிருந்து அட்சரேகை கிடைக்கும். அது சாயத் தொடங்கினால் லுஹர். நட்சத்திரங்களை அளக்கவோ, அடிவானமும் அவையும் ஒருங்கே தெரியும் சொற்ப நேரமே உண்டு. அது சூரியன் மறைந்து ஏறத்தாழ இருபது நிமிடங்கள் கழித்தே வரும். மஃரிப் தொழுதுவிட்டுத்தான் கருவியைத் தொட வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம்.